எடை இறங்கினால் எவ்வளவு மின்சாரம்? கேள்வி பதில்

கேள்வி: மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உயரம் 10 மீட்டர். இறங்கும் குழாயில் சின்ன டர்பைன் வைத்தால் ராத்திரி விளக்குக்கு ஆகுமா சார்?

பதில்: ஆகாது. கிலோவை மீட்டராலும், புவியீர்ப்பு எண்ணான 9.81-ஆலும் பெருக்கினால் 98,100 ஜூல். 3,600-ஆல் வகுத்தால் 27 வாட்-மணி. டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்து அதில் பாதியைத் தந்தாலே அதிகம். 9 வாட் பல்பு ஒன்றரை மணி நேரம் எரியும். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற, 40 சதவீதத் திறனுள்ள பம்ப் 68 வாட்-மணி தின்றிருக்கும். ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) வேண்டுமென்றால் 367 டன்னை 1 மீட்டர் தூக்க வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் கிராவிட்டி லைட் எப்படி எரிகிறது?

பதில்: லண்டனில் மார்ட்டின் ரிடிஃபோர்டும் ஜிம் ரீவ்ஸும் வடிவமைத்த விளக்கு அது. 2012-ல் இணையத்தில் நிதி திரட்டினார்கள். 12 கிலோ எடை 1.8 மீட்டர் இறங்கினால் 212 ஜூல். 20 நிமிடத்துக்குப் பரப்பினால் 0.18 வாட். இழப்பு போக மிஞ்சுவது ஒரு சின்ன எல்இடிக்குப் போதும். மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாக நினைத்தது, மின்விசிறிக்கு அல்ல.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்கு மாணவர்கள் செய்ய அளவு சொல்லுங்கள் ஐயா.

பதில்: 20 கிலோ மணல் மூட்டை, 2 மீட்டர் உயரம், 20 நிமிடம். கயிறு சுற்றும் உருளை 5 செ.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். டிசி மோட்டாரைச் சுற்றிவிட்டால் அதுவே ஜெனரேட்டர்; 3 வோல்ட் தர 1,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,000 சுற்று) கேட்கும் மோட்டாருக்கு 1:1,560 அளவுக்குக் கியர் வேண்டும், 1:6.3 வீதம் நான்கு அடுக்கு. அடுக்குக்கு 10 சதவீதம் உராய்வில் போகும், மோட்டாரில் இன்னொரு 40. மிஞ்சுவது 0.13 வாட், வெள்ளை எல்இடி இரண்டு, இணையாக.

வைப்பர் மோட்டார், பவர் விண்டோ மோட்டார் வாங்காதீர்கள். உள்ளே வார்ம் கியர், அதாவது திருகு வடிவப் பற்சக்கரம். எடை பக்கமிருந்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும், மூட்டை அசையாமல் தொங்கும். உருளையை ஒட்டிய முதல் பற்சக்கரம் உலோகமாக இருக்கட்டும். 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு (சுழற்றும் விசை, டார்க்) முழுவதும் அதன் பல்லில்தான் விழுகிறது. பிளாஸ்டிக் என்றால் முதலில் உடைவது அதுதான். மூட்டைக்குக் கீழே யாரும் கால் வைக்காதபடி தடுப்பும் வையுங்கள்.

கேள்வி: செய்துவிட்டோம். எல்இடிகளைத் தொடராக இணைத்தால் மூட்டை வேகமாக இறங்குகிறது. கியர் தளர்ந்துவிட்டதா?

பதில்: இல்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது. எடை மாறாததால் முறுக்கு மாறாது. முறுக்கு மாறாவிட்டால் மோட்டாரின் மின்னோட்டமும் மாறாது. வோல்ட்டை முடிவு செய்வது எல்இடி. இரண்டைத் தொடராகப் போட்டால் 6 வோல்ட் கேட்கும்; அதை எட்ட மோட்டார் இரு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். நேரம் பாதியாகிவிடும். இணையாகப் போட்டால் அதே மின்னோட்டம் பங்கு பிரியும்: வெளிச்சம் குறையும், நேரம் குறையாது. கம்பி கழன்றால் பிடிப்பே இருக்காது, மூட்டை சரசரவென்று விழும். ஆகவே எல்இடி முனைகளை நன்றாகச் சால்டர் செய்யுங்கள். மாறாக, மோட்டாரின் இரு முனைகளையும் ஷார்ட் செய்தால் மூட்டை மிக மெதுவாக இறங்கும். மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

கேள்வி: பெரிய அளவில் இது நடக்கவே நடக்காதா?

பதில்: நடந்துகொண்டுதானே இருக்கிறது! ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 400 மெகாவாட், 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரம். அங்கே விழும் எடை தண்ணீர். வீழ்ச்சி சுமார் 380 மீட்டர் என்பதால் ஒரு கன மீட்டரில் இழப்புக்கு முன் ஒரு யூனிட் இருக்கிறது. திட எடையில் அந்த வசதி இல்லை. எடின்பரோவின் லீத் துறைமுகத்தில் கிராவிட்ரிசிட்டி நிறுவனம் 2021-ல் 15 மீட்டர் கோபுரத்தில் இரண்டு 25 டன் எடைகளை வைத்து 250 கிலோவாட் சோதனை நடத்தியது. அந்த 50 டன்னும் 10 மீட்டர் இறங்கினால்கூட 1.36 யூனிட்தான். அதனால்தான் அவர்கள் பழைய சுரங்கக் குழிகளைத் தேடினார்கள்: 500 மீட்டர் ஆழம் கிடைத்தால் அதே எடையில் 68 யூனிட்.