மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளை மாறிவிட்டான்: யாரிடம் போவது, யாரிடம் போகக்கூடாது

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டு வயது மகன் மூளைக் காய்ச்சலில் வலிப்பு வந்து ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்து, வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஸ்கேன் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாதுவாக இருந்த பையன் இப்போது தங்கச்சியை அடிக்கிறான், தொட்டதற்கெல்லாம் கத்துகிறான், ராத்திரி "ஊசி வேண்டாம்" என்று அலறி எழுந்திரிக்கிறான், பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பீரியடிலேயே பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடுகிறான். டீச்சர் திமிர் என்கிறார், அப்பத்தா செல்லம் கொடுத்துக் கெடுத்தாயிற்று என்கிறார். 'மூளைத் திறன் மீட்பு' பயிற்சிக்கு ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார், ஊனச் சான்றிதழ் வாங்கித் தர இன்னொருவர் 5,000. "இது பைத்தியமா டாக்டர், காலத்துக்கும் இப்படித்தானா?"

பைத்தியம் இல்லைம்மா. திமிரும் இல்லை, செல்லமும் இல்லை. ஸ்கேன் நார்மல் என்றால் வீட்டுச் சுவர் நிற்கிறது என்று அர்த்தம், வெள்ளம் புகுந்த வீட்டில் ஒயரிங் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. கோபத்தை அடக்குவது, கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, சத்தத்தைத் தாங்குவது எல்லாம் மூளைக்குப் பெரிய வேலை, காய்ச்சலுக்குப் பிறகு அந்த வேலையில் சீக்கிரம் களைத்துப்போகிறது. படையலுக்கு வீடு நிறையச் சொந்தம் வந்த அன்றைக்குத்தான் அதிகம் கத்தினான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். ஐந்து மாதம் என்பது முடிவு இல்லை, இன்னும் தேறுகிற காலம்தான்.

முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். லெவெடிராசிடம் என்று இருக்கிறதா? நல்ல வலிப்பு மருந்துதான், ஆனால் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் ஆத்திரத்தையும் அதுவே கொண்டுவரும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பி வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் "இதைத் தொடங்கிய பிறகுதான் கோபமா, அதற்கு முன்பேவா" என்று நாள் சொல்லிப் பேசுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம்.

அடுத்தது காது. பாக்டீரியாவால் வரும் மூளைக் காய்ச்சல் காதைக் கெடுக்கலாம், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே, தவறினால் நான்கு வாரத்துக்குள், கேட்கும் திறனைச் சோதித்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் தாளில் அப்படி ஒரு வரியே இல்லை, இப்போதாவது சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு காது மந்தமான பிள்ளை வீட்டில் ஒழுங்காகப் பதில் சொல்லும், நாற்பது பேர் கத்துகிற வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும், அதற்குப் பெயர் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் கார்டில் ஏறும்.

"ஊசி வேண்டாம்" என்ற அலறல் ஐ.சி.யூ. விட்டுப்போன பயம். குழந்தை மனநல மருத்துவரும் உளவியலாளரும் பேச்சு, விளையாட்டு வழியாகவே அதைக் குறைக்க முடியும்.

இப்போது ஒரு விதிவிலக்கு, இதை இரண்டு தடவை படியுங்கள். ஹெர்பிஸ் வைரஸால் மூளைக் காய்ச்சல் வந்த சில பிள்ளைகளுக்கு, தேறி வீட்டுக்கு வந்த சில வாரங்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கத் தொடங்கும். திடீரென்று ராத்திரி முழுக்கத் தூங்காது, பேச்சு குறைந்து நின்றுபோகும், வாய் கோணும், கையும் நாக்கும் தானாக அசையும், ஆளைத் தெரியாத மாதிரி பார்க்கும், வலிப்பும் வரலாம். ஊரில் இதைப் பார்த்ததும் காற்று கருப்பு என்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், நாள் போய்விடும். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை, கும்பிட்டுவிட்டு அதே வண்டியில் மதுரைக்குப் போங்கள், உள்ளூர் கிளினிக்கில் தூக்க ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். முதுகுத் தண்டு நீரில் சோதனை இருக்கிறது, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் என்று சிகிச்சை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் மகனுக்கு மெல்ல மெல்ல வந்த மாற்றம், அதனால் அந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் நாளைக்கே ஒரே வாரத்தில் மளமளவென்று மோசமானால் இந்தப் பத்தியை டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, அந்த 60,000 ரூபாய்ப் பயிற்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நிறம் சொல்வதைக் காட்டியிருப்பார்களே? மூக்கோரத்து இடைவெளியில் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மூளையைத் தூண்டும் ஹெல்மெட், ஞாபக டானிக், ஸ்டெம் செல் என்று அடுத்தடுத்து வருவார்கள். ஸ்டெம் செல் சில ரத்த நோய்களுக்கு நிஜமான சிகிச்சை, இதற்கு இல்லை, ஆராய்ச்சியாகச் செய்தால் நோயாளியிடம் காசு வாங்கவே கூடாது. லேபிள் இல்லாத பொடிப் பொட்டலம் தருகிறவர் எல்லோரையும்விட மோசம், "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடு" என்பார், அடுத்த வலிப்பு வரும்போது அவர் ஃபோனை எடுக்க மாட்டார். நகையை அடகு வைக்காதீர்கள்மா.

சான்றிதழ் ஆள் இன்னொரு ரகம். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் இலவசம், ஆன்லைனிலும் போடலாம், சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். 5,000 ரூபாய் எதற்கு? ஆனால் அவர்களுக்குப் பிழைப்பு கொடுப்பதே நம் அமைப்புதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, மூளைக் காய்ச்சலுக்குப் பின் மாறிப்போன பிள்ளைக்கு என்று அதில் தனிக் கட்டம் கிடையாது. நரம்பு டாக்டர் மனநலத்துக்குச் சீட்டு எழுதுவார், அங்கே ஐ.க்யூ. சோதனைக்கு எழுதுவார்கள், அதற்கான ஆள் வேறொரு நாள் வருவார், ஒவ்வொரு தடவையும் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஒரு தாளில் "மூன்றாம் மாதம் நடத்தை, படிப்பு, காது பார்க்கவும்" என்று எழுத யாருக்கும் ஒரு நிமிஷம் இல்லை. இன்னும் தேறுகிற பிள்ளைக்கு நிரந்தரச் சான்றிதழுக்கு இப்போதே ஓட வேண்டாம்.

பள்ளியில் சலுகை கேட்க அட்டை வேண்டாம், டாக்டரிடம் ஒரு கடிதம் போதும்: முன்வரிசை, பாதி எழுத்துவேலை, மூன்றாவது பீரியடில் கால் மணி நேரம் படுக்க அனுமதி. அடிக்கவோ திட்டி அவமானப்படுத்தவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது, டீச்சர் முறைத்தால் தலைமையாசிரியரிடம் அதைச் சொல்லுங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருக்கிறார், கேட்டால்தான் வருவார். டியூஷனை நிறுத்துங்கள். சாயங்காலம் வந்ததும் தூங்கவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள், அவன் கத்தும்போது தங்கச்சியை அப்பத்தாவிடம் அனுப்பிவிட்டு நீங்கள் பேசாமல் பக்கத்தில் இருங்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசுவார்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் தாள், மாத்திரை அட்டை, அவன் கத்துகிற நேரத்தில் ஃபோனில் எடுத்த வீடியோ, அப்புறம் போன வருஷ நோட்டும் இந்த வருஷ நோட்டும் எடுத்துப் போங்கள், இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தால் டாக்டருக்குப் பாதி புரிந்துவிடும். எல்லாவற்றையும் ஜெராக்ஸாகக் கொடுங்கள். அந்த 5,000 ரூபாய்க்காரரிடம் ஒரிஜினலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள்.