ஆர்எஸ்1426654 என்ற ஒரே எஸ்என்பி-க்கு ஒரு தொகுப்பில் ஏ மைனர் அலீல், இன்னொன்றில் ஜி மைனர் அலீல் என்று இருக்கிறதே, எது சரி?

இரண்டுமே சரி. எஸ்என்பி என்பது டிஎன்ஏ-வில் ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும் இடம். அங்கே வரக்கூடிய ஒவ்வோர் எழுத்தும் ஓர் அலீல். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஆர்எஸ்1426654, எஸ்எல்சி24ஏ5 மரபணுவில் இருப்பது. மைனர் என்பது அந்த எழுத்தோடு பிறந்த குணம் இல்லை. எண்ணிய கூட்டத்தில் எது குறைச்சலாக வந்ததோ அதற்கு வைத்த பெயர், அவ்வளவுதான். அதிகமாக வந்தது மேஜர்.

இந்த இடத்தில் ஏ இருந்தால் தோலில் நிறமி குறையும். வரிக்குதிரை மீனை வைத்து 2005-இல் பிடித்தார்கள். ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏ. சீனா, ஜப்பான் பக்கம் அது அபூர்வம். தெற்காசியாவை மொத்தமாகக் கூட்டினால் ஏ-தான் அதிகம். ஆனால் தென்னிந்தியாவுக்குள் சமூகத்துக்குச் சமூகம் ஏகத்துக்கு மாறும்.

இப்போது பல நாட்டு மக்களின் டிஎன்ஏ-வைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 2,504 பேர். உலகக் கணக்கில் ஏ பாதிக்குக் கீழே நிற்கிறது, ஆகவே மைனர். அதிலிருந்து கிழக்காசியர் 504 பேரை மட்டும் எடுத்துவிட்டுக் கூட்டினால் ஏ பாதியைத் தாண்டிவிடும். யாருடைய மரபணுவும் மாறவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் மாறினார்கள். "உலக அளவில் மைனர்" என்ற சொல்லை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அந்தத் திட்டத்தில் தமிழர் என்று தனியாக எடுத்தது பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரை. ஆளுக்கு இரண்டு, அதாவது 204 அலீல். ஓர் எஸ்என்பி-யில் 106க்கு 98 என்று வந்தால், வேறு 102 பேரைக் கூப்பிட்டால் தலைகீழாகவும் வரலாம்.

இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். தென்னிந்தியத் தொகுப்புகள் இரண்டு, அதே நிற எஸ்என்பி. மரபணுத் தரவை அலசும் பிளிங்க் 1.9 மென்பொருள், நாம் தடுக்காவிட்டால், குறைச்சலாக இருக்கும் அலீலைத் தூக்கி ஏ1 பத்தியில் வைத்துவிடும். பீட்டா மதிப்பும், அதாவது ஓர் அலீல் கூடினால் நிறம் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்ற எண்ணும், அதற்குத்தான். ஒரு கோப்பில் ஏ1 என்பது ஏ, மற்றதில் ஜி. நான் அந்தப் பத்தியைப் பார்க்காமல் பீட்டாவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். ஓரிடத்தில் நிறம் குறைகிறது, மற்ற இடத்தில் கூடுகிறது! இரண்டு நாள் உயிரியல் விளக்கம் தேடி அலைந்தேன், வெட்கக்கேடு. இப்போதெல்லாம் அலீல் வரிசையை மாற்றாதே என்று சொல்லும் கீப்-அலீல்-ஆர்டர் கட்டளையைப் போடாமல் அந்த மென்பொருளைத் தொடுவதில்லை.

ரெஃபரன்ஸ் அலீல், அதாவது ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரி மனித டிஎன்ஏ-வில் உள்ள எழுத்துதான் மேஜர் என்று நினைப்பதும் தப்பு. அந்த மாதிரியின் பழைய பதிப்பான ஜிஆர்சிஎச்37-இல் எஃப்5 மரபணுவின் ஓரிடத்தில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் அலீலே ரெஃபரன்ஸாக உட்கார்ந்திருந்தது. உலகில் எங்கு பார்த்தாலும் அது சிறுபான்மை. அடுத்த பதிப்பில்தான் மாற்றினார்கள்.

இழைச் சிக்கல் தனி. டிஎன்ஏ-வுக்கு இரண்டு இழை, ஒன்றில் ஏ என்றால் எதிரே டி, சி என்றால் எதிரே ஜி. பால் செரிப்பதற்கான ஆர்எஸ்4988235-ஐக் கட்டுரைகள் சி/டி என்று எழுதும், உங்கள் கோப்பில் ஜி/ஏ என்று இருக்கும். எதிர் இழையில் படித்தது, வேறொன்றும் இல்லை, திருப்பிப்போட்டால் பொருந்திவிடும். ஏ/டி அல்லது சி/ஜி ஜோடி வந்தால் எழுத்தை வைத்து இழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதுவும் இரண்டு அலீலும் பாதிக்குப் பாதி என்றால் எண்ணிக்கையும் கைகொடுக்காது. அப்படிப்பட்டதை நான் யோசிக்காமல் நீக்கிவிடுவேன்.