வீட்டுக் கேள்வி–பதில்: டிஹியூமிடிஃபையரைப் படுக்க வைத்து ஏற்றலாமா?

ஐப்பசி பிறந்தால் கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து ஓதம், பூசணம் பற்றிய கேள்விகள் குவியும். இந்த முறை பெரும்பாலும் டிஹியூமிடிஃபையர், அதாவது அறைக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி டேங்கில் நீராகச் சேர்க்கும் மெஷின் பற்றியே கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: லாஸ்பேட்டையிலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு வீடு மாறுகிறோம். 20 லிட்டர் டிஹியூமிடிஃபையரைக் குட்டியானையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா? போய்ச் சேர்ந்ததும் போட்டுவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சின்ன ஃப்ரிட்ஜ்தான். கம்ப்ரஸரின் அடியில் அதற்கான எண்ணெய் தேங்கி நிற்கும். படுக்க வைத்தால் அந்த எண்ணெய், குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய்களுக்குள் போய்விடும். அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டால் ஒன்று கம்ப்ரஸர் எண்ணெயில்லாமல் தேயும், இல்லையென்றால் கேஸை அமுக்கும் இடத்துக்குத் திரவம் வந்து வால்வு உடையும். ஒரு மணி நேரப் பயணம்தானே என்று நினைக்காதீர்கள், எண்ணெய் ஓடச் சில நிமிடங்களே போதும்.

கிளம்புவதற்கு முதல் நாளே நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றி, அரை மணி நேரம் விடுங்கள். காயிலில் (ஈரம் படியும் குளிர்ந்த குழாய்ச் சுருள்) ஒட்டியிருக்கும் நீர் சொட்டி டேங்குக்கு வந்துவிடும். டேங்கைக் கொட்டி, துடைத்து, திரும்பப் பொருத்தி, திறந்துகொள்ளாதபடி டேப் ஒட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். டேங்கில் அரை லிட்டர் நீர் மிச்சமிருந்தாலும் வண்டி குலுங்கும்போது அது ஃபேன் மோட்டார்மேலோ சர்க்யூட் போர்டுமேலோ தெறித்துவிடும். டிரெய்ன் ஹோஸ் இருந்தால் கழற்றி, அதிலுள்ள நீரையும் வடித்துவிடுங்கள். ஒயரைச் சுருட்டிக் கட்டுங்கள், அடியில் நசுங்க விடாதீர்கள்.

தூக்கும்போது பக்கவாட்டுக் கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும், டேங்கைப் பிடிக்கக் கூடாது. சக்கரம் வழவழப்பான தரைக்கு மட்டும். நிலைப்படியிலும் மாடிப்படியிலும் இரண்டு பேராகத் தூக்குங்கள். வண்டியில் நிமிர்த்தி வைத்து, போர்வை சுற்றி, கயிறு போட்டு நிறுத்துங்கள். நேராகவே வந்திருந்தால் ஓரிரு மணி நேரம் கழித்துப் போடலாம். வழியில் சாய்ந்து கிடந்தது என்று தெரிந்தால் 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே ப்ளக்கைச் செருகுங்கள். போட்டுக் கால் மணி நேரத்தில் வெளிவரும் காற்று லேசாகச் சூடாக இருக்க வேண்டும், டேங்கில் நீர் சொட்டத் தொடங்க வேண்டும். மழைக்காலத்திலும் வெறும் காற்று மட்டும் வந்தாலோ, உறுமிவிட்டு 'டக்' என்று நின்றாலோ அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டேங்க் நிறைந்ததும் மெஷின் நின்றுவிடுகிறது. மிதவையை டேப் போட்டு ஒட்டிவிட்டால் நிற்காது என்கிறார்கள். செய்யலாமா? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: கூடவே கூடாதம்மா. நீர் வழிந்து தரையில் ஓடாமல், மின்பாகங்களைத் தொடாமல் காப்பது அந்த மிதவை மட்டுமே. இரவெல்லாம் ஓட வேண்டுமென்றால் பின்பக்கத் துளையில் ஹோஸ் மாட்டி பாத்ரூம் சல்லடைக்கு விடுங்கள். ஹோஸ் தொடக்கம் முதல் முடிவுவரை இறங்குமுகமாகவே இருக்க வேண்டும். நிலைப்படியில் ஏறி இறங்கினால் நீர் அங்கேயே நின்று, மறுபடி டேங்குக்குத்தான் போகும். அப்படி ஒரு மேடு தவிர்க்க முடியாது என்றால் மெஷினையே உறுதியான ஸ்டூல்மேல் ஏற்றி வையுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இதையும் செருகியிருக்கிறோம். கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

பதில்: முதலில் அந்தப் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள், பில்லைப் பிறகு பார்ப்போம். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். இரண்டு கம்ப்ரஸர் ஒரே மெல்லிய ஒயரில் மணிக்கணக்கில் ஓடினால் ஒயர் சூடாகும். நம் கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்றில் ஸாக்கெட்டின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, பிடிப்பு தளர்ந்து, அங்கேயே சூடு பிறக்கும். சுவரிலுள்ள எர்த் இணைப்பு கொண்ட மூன்று துளை ஸாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அரை மணி நேரம் ஓடியபின் அணைத்துவிட்டு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுடுகிறதென்றால் ஸாக்கெட்டை மாற்ற வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீட்டில் அதையும் போட்டுவிடுங்கள். 2013-இல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஹியூமிடிஃபையர்களைத் தீப்பற்றும் அபாயத்தால் திரும்பப் பெற்றார்கள். கருகல் வாடை வந்தால் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள்.

350 வாட் மெஷின் தினம் 8 மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட், மாதத்துக்கு 84 யூனிட். புதுச்சேரியில் மாத பில்லில் அது தெரியும், கடலூரில் இரண்டு மாத பில்லில் 168 ஆகத் தெரியும். ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்தில் வைத்தால் எட்டிய பிறகு கம்ப்ரஸர் தானே ஓய்வெடுக்கும். 40-க்கு வைத்தால் நிற்காமல் ஓடும், பயனும் இல்லை. கரன்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் விட்டுப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டில் கீழே மூன்றடிவரை ஓதம், உப்புப் பூக்கிறது. நாள் முழுக்க மெஷின் ஓட்டியும் சுவர் காயவில்லை.

பதில்: காயாது. அது காற்றிலிருக்கும் ஈரமல்ல, அஸ்திவாரத்திலிருந்து ஏறி வருவது. மெஷின் எவ்வளவு உறிஞ்சினாலும் மண் புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும், கூடவே உப்பும் வேகமாக வெளியே வரும். சுவரோரம் தேங்கும் மழைநீரை வடியச் செய்யுங்கள். சிமென்ட் பூச்சு போட்டு மூடியிருந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே பூசச் சொல்லுங்கள், சுவர் மூச்சு விட வேண்டும். மெஷினை பீரோ இருக்கும் அறையில் வையுங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, கதவு ஜன்னலைச் சாத்தி ஓட்டுங்கள். திறந்திருந்தால் கடற்காற்றைத்தான் உலர்த்திக்கொண்டிருக்கும். கேஸ் வகை ஆர்290 என்று லேபிளில் இருந்தால் அது புரொபேன், எளிதில் தீப்பற்றும். பூஜை விளக்கு, கற்பூரம் ஏற்றும் அறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: டேங்கில் சேரும் நீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் காயிலின் உலோகத் துகளும் அறைத் தூசும் அதில் கலந்திருக்கும், பேட்டரித் தகடு கெடும். குடிக்கவோ சமைக்கவோ கூடாது. வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம்.

கேள்வி: 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் நீர் புகுந்து, மெஷின் அரையடி நனைந்தது. காய்ந்துவிட்டது, ஆனால் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

பதில்: போடாமல் வைத்தது நல்லதாயிற்று. வெளியே காய்ந்தாலும் உள்ளே சேறும் உப்பும் படிந்திருக்கும், கம்ப்ரஸர் இணைப்பு அந்த உயரத்தில்தான் இருக்கும். மெக்கானிக் பிரித்து, கழுவி, இன்சுலேஷன் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். போர்டு நனைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இனி மழை எச்சரிக்கை வந்தவுடன் ப்ளக்கைக் கழற்றி, டேங்கைக் கொட்டிவிட்டு, நிமிர்ந்த நிலையிலேயே இரண்டு பேராகத் தூக்கி உயரமான மேசையில் ஏற்றிவிடுங்கள்.