பனிமலைக்கு எந்த ஜெர்கின், எந்த பேன்ட்?

கேள்வி: டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்கந்தா மலையேற்றம் போகிறேன். ஊட்டிக்காக வாங்கிய கனத்த ஜெர்கின், ஜீன்ஸ், காட்டன் தெர்மல் கைவசம் இருக்கிறது. போதுமா? கடையில் 9,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஜாக்கெட் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த 9,000 ரூபாய் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். பனிமலைக்கு ஒரே கனத்த ஜெர்கினை நம்பிப் போகக் கூடாது. மெல்லிசாக மூன்று நான்கு உடுப்பு இருந்தால் தேவைக்கேற்பப் போடலாம், கழற்றலாம்.

மலையேற்றம் தொடங்குகிற சாங்க்ரி கிராமம் சுமார் 6,400 அடி, கேதார்கந்தா உச்சி சுமார் 12,500 அடி. இந்த உயர வித்தியாசத்துக்கே வெப்பம் ஏறக்குறைய 12 டிகிரி குறையும். காற்று வீசினால் இன்னும் உறைக்கும். ஆனால் பகலில் முதுகுப்பையோடு ஏறும்போது பனியிலும் வியர்த்துக் கொட்டும். ஓய்வுக்கு உட்கார்ந்ததும் அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். அதனால் கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்கே உடுத்துங்கள்.

உடம்போடு ஒட்டுகிற துணி காட்டனாக இருக்கவே கூடாது. திருப்பூர்க்காரரிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காட்டன் தெர்மலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு காட்டன் பனியனையும் ஒரு பாலியஸ்டர் டீ-சர்ட்டையும் நனைத்துப் பிழிந்து நிழலில் காயப்போடுங்கள். பாலியஸ்டர் காய்ந்த பிறகும் பனியன் ஈரமாகவே தொங்கும். பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி தெர்மல், அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியஸ்டர் மேல்சட்டை). நடக்க இது போதும்.

பஞ்சு போல உப்பிய ஜாக்கெட் நிற்கும்போதும், கூடாரத்திலும், உச்சிக்கு விடியுமுன் கிளம்பும்போதும்தான் வேண்டும். அதில் வாத்து இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு சூடு போய்விடும். செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம், ஈரம் பட்டாலும் ஓரளவு சூடு தாங்கும். முதல்முறை போகிறவருக்கு நான் செயற்கைப் பஞ்சையே சொல்வேன். அதையும் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். திரும்பி வந்தால் திருப்பூர் வெயிலில் அதை எங்கே போடுவீர்கள்?

காசு போட வேண்டியது மேலே போடும் மெல்லிய மழை ஜாக்கெட்டுக்கு. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் தூறலுக்குத்தான் தாங்கும், ‘வாட்டர்ப்ரூஃப்’ பாருங்கள். கடையிலேயே உள்பக்கத்தைத் திருப்பி, தையல் ஓடுகிற இடமெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டேப் இல்லாவிட்டால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். அக்குளில் ஜிப் இருந்தால் நல்லது, வியர்வை ஆவி வெளியேறும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பனியில் முழங்கால்வரை நனைந்து, குளிரில் பலகை மாதிரி விறைத்துவிடும், லேசில் காயாது. சீக்கிரம் காய்கிற டிரெக்கிங் பேன்ட் இரண்டு, உள்ளே போட ஒரு தெர்மல் போதும். உச்சி ஏறும் நாளுக்கு மட்டும் மேலே ஒரு வாட்டர்ப்ரூஃப் பேன்ட். அதில் கணுக்காலிலிருந்து பக்கவாட்டில் ஜிப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பனியில் நின்றுகொண்டு ஷூவைக் கழற்றித்தான் மாட்ட முடியும்.

அளவு பார்க்கும்போது தெர்மலும் ஃப்ளீஸும் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஜாக்கெட்டை மாட்டுங்கள். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்பு வெளியே தெரியக் கூடாது. பேன்ட்டோடு முழுசாகக் குந்தி எழுந்து பாருங்கள். முழங்காலில் இழுத்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். வாடகை ஜாக்கெட்டானால் கையுறை போட்டபடியே ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிக்கினால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.