எட்டாம் கிறிஸ்டியான்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

1839 முதல் 1848 வரை டென்மார்க்கை ஆண்ட எட்டாம் கிறிஸ்டியானைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேட்பதற்கு முன் எண்ணைச் சரிபாருங்கள். ஏழாமவர் மனநோயால் அவதிப்பட்டவர். ஒன்பதாமவர் 'ஐரோப்பாவின் மாமனார்'. வந்த கேள்விகளில் பாதி அந்த இருவருக்குச் சேரவேண்டியவை.

தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற ராஜா இவர்தானா?

இவரேதான். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் டேனியர் பெற்ற ஊர் அது. வணிகம் படுத்துவிட்டது, கோட்டைக்குச் செலவு மட்டும் மிஞ்சியது. 1845-இல் தரங்கம்பாடி, வங்காளத்துச் செராம்பூர் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கைமாறின. அதே ஆண்டில் அவர் அனுப்பிய 'கலாத்தியா' கப்பல் தரங்கம்பாடியைத் தொட்டுவிட்டு நிக்கோபாருக்குப் போய், அங்கே மறுபடி குடியேற முடியுமா என்று பார்த்தது. விற்கிற கையோடு வாங்கவும் ஆசை!

குழந்தைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன் இவருடைய ரகசிய மகன் என்கிறார்களே?

ஆதாரம் இல்லை. கதாசிரியரின் தந்தை ஓடென்சே நகரத்துச் செருப்புத் தைப்பவர். தாய் துணி வெளுத்தவர்.

டென்மார்க் மன்னர் நார்வேக்கும் மன்னரானது எப்படி?

வரிசை தலைகீழ். முதலில் நார்வே, இருபத்தைந்து ஆண்டு கழித்துத்தான் டென்மார்க். நெப்போலியன் பக்கம் நின்று தோற்ற டென்மார்க், 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கைப்படி நார்வேயை ஸ்வீடனுக்குத் தாரைவார்த்தது. அப்போது நார்வேயில் அரசப் பிரதிநிதியாக இருந்த 27 வயது இளவரசர் இவர். கொடுக்க மாட்டேன் என்றார். பிப்ரவரியில் எய்ட்ஸ்வோல் மாளிகைக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்தார். வாரிசு என்ற முறையில் முடியைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பேராசிரியர் ஸ்வெர்ட்ரூப் முகத்துக்கு நேராக மறுத்தார்: பழைய அரசர் துறந்த உரிமை மக்களிடம் திரும்பிவிட்டது, இனி அவர்கள் கொடுத்தால்தான் உண்டு. இளவரசர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை, ஒப்புக்கொண்டார். அதனால்தான் எனக்கு இவரைப் பிடிக்கும். மக்கள் பிரதிநிதிகள் 112 பேர் கூடி அரசியல் சாசனம் எழுதி, மே 17 அன்று அவரையே மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜூலை கடைசியில் ஸ்வீடன் படையெடுத்தது. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மோஸ் ஒப்பந்தப்படி முடியை விட்டார். பதிலுக்குச் சாசனத்தை ஏற்றுக்கொள்ள ஸ்வீடன் சம்மதித்தது. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

சாசனம் தந்தவர் சொந்த நாட்டில் ஏன் தரவில்லை? இரட்டை வேடம்தானே?

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். 1839-இல் பட்டத்துக்கு வந்ததுமே மனுக்கள் குவிந்தன. இனிக்கப் பேசி எல்லாவற்றையும் ஒதுக்கினார். ஏமாற்றம் நியாயமே. ஆனால் டென்மார்க் ஒரே நாடு அல்ல. ஷ்லெஸ்விக், ஹோல்ஷ்டைன் என்ற இரு டச்சிகளும் (கோமகன் பட்டத்தோடு ஆளப்படும் பகுதிகள்) அதே மன்னரின் கீழ் இருந்தன. அங்கே ஜெர்மன் பேசுவோர் நிறைய. நாடாளுமன்றம் வந்தால் டச்சிகளை எப்படிச் சேர்ப்பது? அங்கேதான் கயிறு சிக்கியது.

முன்பு கேட்டவன்தான். இது சமாளிப்பு. 1814-இலும் அவருக்கு வேண்டியிருந்தது முடி மட்டுமே.

பாதி சரி. நார்வேயைத் தன் வம்சத்துக்குக் காப்பாற்றவே சாசனம் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் முடியையும் சாசனத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தபோது எதை விட்டார்?

ராணுவம் தோற்றதால் விட்டார்!

தோற்றவர்கள் எல்லோரும் போகும்போது சாசனத்தைக் காப்பாற்றிவிட்டுப் போவதில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: 1846-இல் வெளியிட்ட 'திறந்த மடல்' பெரும் தவறு. டென்மார்க்கின் வாரிசுரிமைச் சட்டம் ஷ்லெஸ்விக்குக்கும் பொருந்தும் என்று அறிவித்து ஜெர்மானியரைக் கொதிக்கவைத்தார். கடைசிக் காலத்தில் சாசனத் திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. 1848 ஜனவரி 20 அன்று இறந்துவிட்டார். மகன் ஏழாம் ஃபிரெடெரிக் 1849 ஜூன் 5 அன்று சாசனத்தில் கையெழுத்திட்டார்.

எதனால் இறந்தார்?

வைத்தியத்தால். ரத்தம் இறக்கிய காயத்தில் நஞ்சேறியது.

அடிமைகளை விடுவித்தாரா?

அரைகுறையாக. டென்மார்க்கின் வசமிருந்த கரீபியத் தீவுகளில் இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர், மற்றவர்கள் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டும் என்று 1847-இல் ஆணையிட்டார். செயின்ட் குரோய் தீவின் அடிமைகள் காத்திருக்கவில்லை. அடுத்த ஜூலையிலேயே கிளர்ந்தெழுந்து, ஆளுநரின் வாயிலிருந்தே விடுதலையை வாங்கிவிட்டார்கள்.

ஆண்டர்சன் அரசரின் மகன் என்று...

மேலே பாருங்கள்.

ஐயா, இவருடைய மகள்கள் இங்கிலாந்திலும் ரஷ்யாவிலும் மணமுடித்தார்களாமே?

அவர் ஒன்பதாமவர். எண், எண்!