தழும்புக்கு நிறம் சேர்க்கும் வேலை: செவ்வாய்பேட்டை அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

பாராமெடிக்கல் டாட்டூ கற்க ஆசைப்படும் உங்கள் மகளோடு போன வாரம் வந்தபோது, "பச்சை குத்துறதுக்கா பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வச்சேன்?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாராமெடிக்கல் டாட்டூ என்றதும் லேப் டெக்னீஷியன் மாதிரி பட்டப்படிப்பு என்று உங்கள் கொழுந்தனார் சொன்னாராம். அப்படி இல்லை. இது கைத்தொழில். தீக்காயத் தழும்பு, ஆபரேஷன் தையல் தழும்பு, பரவாமல் நின்றுவிட்ட வெண்புள்ளி ஆகியவற்றின் மேல், சுற்றியிருக்கும் தோலின் நிறத்தை ஊசியால் ஏற்றுவது. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்குக் காம்பும் வட்டமும் இருப்பது போலவே வரைந்து தருவதும் இதில் சேரும். தழும்பின் மேடு பள்ளம் அப்படியேதான் இருக்கும். பார்க்கிறவர் கண்ணை உறுத்தாது, அவ்வளவுதான். ஆனால் முழுக்கைச் சட்டையிலேயே வருடக்கணக்காக ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயமே இல்லை.

உங்கள் மகள் அன்று என் மணிக்கட்டைப் பார்த்தாள். குக்கர் ஆவி பட்ட தழும்பு. "வெள்ளையா தெரியுது மேடம், ஆனா ஓரத்துல ரோஸ் இருக்கு" என்றாள். வீட்டில் உங்களோடு உட்கார்ந்து கொலுசுக்கு எனாமல் வைத்துப் பழகிய கண் அது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த ரோஸ் நிறத்துக்கு அர்த்தம் என்ன என்பதை அவள் இன்னும் படிக்கவில்லை. தழும்பு ஆறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஊசி வைக்கக் கூடாது. பொதுவாக ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும்.

நம் மாநிறத் தோலில் இன்னும் கவனம் வேண்டும். குத்திய இடம் கறுத்துப் போகலாம். கெலாய்டு, அதாவது தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவருக்குப் புதுத் தழும்பே கிளம்பலாம். வெண்புள்ளி பரவிக்கொண்டிருக்கும்போது குத்தினால், குத்திய இடத்திலேயே புதுப் புள்ளி வரலாம். ஏற்றிய நிறம் முதலில் அடர்த்தியாகத் தெரியும், ஆறிய பிறகே உண்மை நிறம் தெரியும். சேலம் வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும், டாட்டூ கறுக்காது. இதெல்லாம் தெரியாத கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆபத்துதான்.

அதனால் அவள் காட்டிய ஐந்து நாள் டாட்டூ வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். நகையை அடகு வைக்கவே வேண்டாம். மதிப்பெண் இடம் கொடுத்தால் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிக்கட்டும். கிருமி நீக்கம், காயம் ஆறும் விதம், நோயாளியிடம் பேசும் பக்குவம் மூன்றும் அங்கே கிடைக்கும். இந்தத் தொழில் அமையாவிட்டாலும் சோறு போடும். அவ்வளவு வருடம் முடியாது என்றால் ஐ.டி.ஐ.யில் ஒரு வருட காஸ்மெட்டாலஜி, அதாவது அழகுக்கலைப் படிப்பு. அப்புறம் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே டாட்டூ கற்கலாம்.

கற்றுத் தருபவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நம் நிறமுள்ளவருக்குச் செய்து, ஆறு மாதம் கழித்து எடுத்த படம் இருக்கிறதா? செய்த அன்றைக்கு எடுத்த படம் எல்லாரிடமும் இருக்கும். சர்டிபிகேட்டில் வெளிநாட்டு முத்திரை இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அதை வைத்து அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்காது.

வரன் பற்றிக் கேட்டீர்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், மேலே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

எந்த வழியில் போனாலும் ரத்தத்தோடு புழங்கும் வேலை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பே போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே ஆரம்பியுங்கள், ஆறு மாதத்தில் மூன்று தவணை. வரும் சனிக்கிழமை மார்க் ஷீட்டோடு வாருங்கள். அவள் எனாமல் வைத்த கொலுசு ஒன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.