தம்பதியருக்கான 'தந்திரா' முகாம்: போகலாமா?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எங்களுக்குள் நெருக்கம் குறைந்துவிட்டது. இரண்டு நாள் 'தந்திரா' முகாமில் மூச்சு, மந்திரம், மசாஜ் எல்லாம் சொல்லித் தருகிறார்களாம். ஸ்ரீவித்யா (அம்பாளை மந்திரத்தாலும் ஸ்ரீசக்கரம் என்ற யந்திரக் கோலத்தாலும் வழிபடும் முறை) தீட்சை பெற்ற மாமியார், "ஸ்ரீசக்கரத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவதா?" என்று கோபப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு வலிக்கும். தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, அதற்கான சில மாத்திரைகள் எல்லாமே ஆசையைக் குறைக்கும். இவற்றை எந்த முகாமும் சரிசெய்யாது.

மாமியார் கோபத்தில் நியாயம் உண்டு. ஸ்ரீவித்யா மந்திரம் குருமுகமாக மட்டுமே வருவது. ஒன்பது ஆவரணங்கள் (சுற்றுகள்) கொண்ட ஸ்ரீசக்கரம் உபாசகர்களுக்கு அம்பாளேதான். நியாசம் என்பது மந்திரத்தோடு அங்கங்களைத் தொட்டு அங்கே தெய்வத்தை இருத்துவது. அதை மசாஜ் ஆக்குவது தவறு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆண்-பெண் கூடலைப் பேசும் பரியங்க யோகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, யோக சாதனையாக. முகாம்களில் விற்பதோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் மேற்கில் உருவான கலவை. மந்திரம், யந்திரம், நியாசம் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

மிச்சமுள்ள மூச்சும் தொடுகையும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட படிப்படியான தொடுகைப் பயிற்சிதான் பாலியல் சிகிச்சையில் இன்றும் அடிப்படை. வாரம் மூன்று இரவு, அரை மணி நேரம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். தலை கிறுகிறுத்தால், விரல் மரத்தால், வேகமாக மூச்சுவிடுகிறீர்கள் என்று பொருள், கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. திருமந்திரம் சொல்லும் 16:64:32 கணக்கை (இழுப்பது, அடக்குவது, விடுவது) ஆசான் இல்லாமல் தொட வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கண்டிப்பாக.

பிறகு ஒருவர் மற்றவரின் தலை, தோள், முதுகு, கைகளைப் பத்து நிமிடம் தொட வேண்டும். அடுத்துக் கை மாற வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் முதல் இரண்டு வாரம் விலக்கு, உறவும் கிடையாது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: மூன்றாம் நாளே விதியை மீறுவார்கள், "எங்கே முடியுமோ" என்ற பயம் மனைவிக்குத் திரும்பிவிடும். "நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது பரீட்சையாகிவிடும், பிடிக்காதபோது மட்டும் சொன்னால் போதும். முன்பு வன்முறையை அனுபவித்தவருக்கு உடல் விறைத்தாலோ உணர்வு மரத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, ஆலோசகரிடம் போங்கள்.

மனைவியைச் சக்தி என்று சொல்லிவிட்டு "சரணடை" என்று கேட்கும் பயிற்சியாளரை நம்பாதீர்கள். (சக்திதான் இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு எழுந்துகொள்கிறாள், அந்த முறையைக் கணவர் பாதி நாள் எடுத்துக்கொண்டாலே நிறைய மாறும்.) தகுதியுள்ள பாலியல் சிகிச்சையாளர் உங்களை ஆடை களையச் சொல்லமாட்டார், தொடவும் மாட்டார், பயிற்சியைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார். முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: யார் தொடுவார்கள், எங்கே, நடுவில் எழுந்துபோனால் பணம் திரும்புமா? மழுப்பினால் கட்டாதீர்கள்.